கோட்டைக்கு வெளியே செஞ்சி

செஞ்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்துக்காகத்தான் போகிறார்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் கோட்டை வாசலுக்கருகே இறங்குகிறார்கள். நுழைவுச் சீட்டு வாங்குகிறார்கள். கல்யாண மகாலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேகபலம் உள்ளவர்கள் ராஜகிரியின் உச்சிவரை ஏறி, மூச்சிரைக்க இறங்கிவந்து, "தேசிங்குராஜன் கோட்டையைப் பார்த்தாகிவிட்டது" என்ற திருப்தியுடன் மாலைப் பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோட்டை பார்க்கத் தகுந்ததே. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து இடம் பெற்றது நம் செஞ்சி ஒன்றுதான். தமிழ்நாட்டார் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் கோட்டையைப் பார்த்துவிட்டால் செஞ்சியைப் பார்த்ததாகிவிடுமா என்ற சந்தேகம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. மதில் என்பது எதையோ காப்பதற்காகக் கட்டப்படுவது. சம்பளம் வாங்கும் சிப்பாய்க்குச் சோறு வேண்டும். குதிரைக்குக் கொள்ளு வேண்டும். யானைக்குத் தண்ணீர் வேண்டும். கோட்டைக்குள்ளே இருக்கும் பெரிய நெற்களஞ்சியம் நிறைய வேண்டுமானால், கோட்டைக்கு வெளியே யாரோ ஒருவர் ஏர் பிடித்தாக வேண்டும். அந்த வெளிப்புறத்தைக் கால்நடையாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று, பொங்கல் விடுமுறை முடிந்த மறு சனிக்கிழமை, ஆசிரியர் இருவரும் மாணவர் எண்மருமாகப் புறப்பட்டோம். செஞ்சி நகரத்திலிருந்து வடக்கே சிறுகடம்பூர், திருநாதர்குன்று, சிங்கவரம் என்பது எங்கள் திட்டம். போக வர எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய கணக்கில் சொன்னால் ஐந்து மைல். இந்த ஐந்து மைலுக்குள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன என்பதை நடந்து பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ஊரைத் தாண்டி

தை மாதத்துக் காலைப் பனி இன்னும் விலகவில்லை. பஸ் நிலையத்தண்டை டீக்கடைகளில் பால் கொதிக்கும் மணம். கடை வீதியைக் கடந்து வடக்கே திரும்பியதும் வண்டிகளின் இரைச்சல் குறைந்து, சேவல் கூவுவது காதில் விழத் தொடங்கியது. வாசல்தோறும் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மாட்டுப் பொங்கலுக்குச் சாயம் பூசிய கொம்புகள் வெளுக்காமலே இருந்தன. ஒரு வீட்டுத் திண்ணையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்க, அவற்றின்மேல் ஒரு பூனை படுத்துத் தன் சொத்தைக் காவல் காப்பதுபோல் எங்களைப் பார்த்தது.

செஞ்சிக்காரர்களுக்குப் பாறை என்பது புதுமையல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். உருண்டையும் நீள்வட்டமுமாகப் பெரும் பெரும் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ராட்சதக் குழந்தைகள் விளையாடிவிட்டு எடுத்து வைக்காமல் போன கூழாங்கற்கள் என்று ஒரு மாணவன் சொன்னான். உண்மை இன்னும் விசித்திரமானது. இந்தக் கருங்கல் பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்து இறுகியது. அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் அதிகம் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணக்கிடுகிறார்கள். மேலே மூடியிருந்த பாரம் அரிபட்டுப் போனதும் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் கண்டது. விரிசலில் மழைநீர் புகுந்தது. நீர் எப்போதும் மூலைகளைத்தான் முதலில் தின்னும். ஏனெனில் மூலைக்கு இரண்டு மூன்று பக்கமும் வாய் உண்டு. இப்படி மூலைகள் மழுங்கி, சதுரக் கற்கள் உருண்டைக் கற்களாயின. இடையிலிருந்த மண் கரைந்து போயிற்று. உருண்டைகள் மட்டும் எஞ்சி நின்றன. ஆக, பிற்காலத்தில் ராஜாக்கள் கட்டிய கோட்டைக்குப் பாதி வேலையை மழை அதற்கு முன்பே செய்து வைத்திருந்தது.

ஓர் ஆசிரியரின் பாறை

சிறுகடம்பூரையொட்டி நிற்பது திருநாதர்குன்று. உயரமான மலை அல்ல. சிறு பிள்ளைகளும் ஏறிவிடலாம். மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வரிசைக்குப் பன்னிருவர். எல்லாரும் ஒரே மாதிரி அமர்ந்து, ஒரே மாதிரி மௌனமாக இருக்கிறார்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்து, சிற்பம் பாறையிலிருந்து அரை அங்குலம் முன்னே நகர்ந்து வந்ததுபோல் தோன்றுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் இந்தக் காட்சி கிடைக்காது.

எங்களை அதிகம் நிறுத்தி வைத்தது சிற்பமல்ல, அருகிலுள்ள கல்வெட்டு. ஏறக்குறைய 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழின் பழைய எழுத்து வட்டெழுத்தாக வளைந்து வந்த காலத்து வடிவம். அது சொல்லும் செய்தி மிகச் சுருக்கம்: சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உணவு நீத்து நோற்று உயிர் துறந்த இடம் இது. அவ்வளவே. வென்ற நாடு, கொண்ட கப்பம், கொடுத்த தானம் ஒன்றும் கிடையாது. பிற்காலத்தில் இளையபடாரர் என்பவரும் 30 நாள் நோன்பிருந்து இங்கேயே உயிர் நீத்ததாக மற்றொரு கல்வெட்டு தெரிவிக்கிறது.

"ஐ" என்ற தமிழெழுத்து கல்லில் தென்படும் மிகத் தொன்மையான இடங்களில் இந்தச் சந்திரநந்தி கல்வெட்டு ஒன்று என்று எழுத்தாராய்ச்சி செய்தவர்கள் குறிப்பிடுகிறார்கள். நோன்பிருந்த நாட்களின் எண்ணிக்கையாகிய ஐம்பத்தேழு என்ற சொல்லில் அந்த எழுத்து வருகிறது. எங்களோடு வந்த மாணவர்களில் ஒருத்தி, கல்லைத் தொடாமல், அந்த எழுத்தின் வளைவைக் காற்றிலே விரலால் எழுதிப் பார்த்தாள். மற்றவர்களும் எழுதினார்கள். அரிச்சுவடி கற்றுக்கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு இன்பமாக இருந்தது என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நேயர்கள் அறிவார்கள். செஞ்சியில் பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர்களைத் தேடினால், அரசனுக்கும் தளபதிக்கும் முன்னதாகக் கண்ணில் படுகிறவர் ஓர் ஆசிரியர்.

சமணம் இந்தப் பிரதேசத்தில் பழங்கதையாகிவிட்ட சமயமும் அல்ல. திண்டிவனம், வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட சமணக் குடும்பங்கள் இன்றும் நிலபுலங்களோடு வாழ்ந்து வருகின்றன. செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது.

கழனியும் கொல்லையும்

குன்றைவிட்டு இறங்கிச் சாலையில் நடந்தோம். இரண்டு பக்கமும் நிலம் இரண்டு விதம். தண்ணீர் பாயும் தாழ்ந்த நிலம் கழனி. மழையையும் கிணற்றையும் நம்பியிருக்கும் மேட்டு நிலம் கொல்லை. கழனியில் சம்பா நெல் தலை சாய்ந்து நின்றது. ஒரு கழனியில் அறுவடை இயந்திரம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அடுத்த கழனி மிகச் சிறியது. இயந்திரம் இறங்க வழியில்லை. அங்கே ஐந்து பெண்கள் குனிந்து அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்தன. பெண்களுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வேப்பமரத்துத் தூளியில் தூங்கியது.

கொல்லைகளில் வேர்க்கடலை. இந்த ஊரில் யாரும் அதை வேர்க்கடலை என்று சொல்வதில்லை. "மல்லாட்டை" என்பார்கள், சற்றுத் திருத்தமாகப் பேசுகிறவர்கள் "மணிலா" என்பார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரத்தின் பெயர் செஞ்சிக் கொல்லையில் வந்து விளைவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பயிரின் பிறப்பிடம் தென்னமெரிக்கா. கடல் கடந்து கை மாறி வந்தபோது இடையிலிருந்த துறைமுகத்தின் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுச் சீமை இந்தப் பயிரிலே பேர்போனது. கடலை மூட்டைகள் புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரத்துக்குப் போயின. அங்கே எண்ணெயாயின, சோப்பாயின.

செடியிலே சிறு மஞ்சள் பூக்கள். மண்வெட்டியும் கையுமாக நின்ற ஓர் அம்மாள் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு செடியின் தழையை விலக்கிக் காட்டினார்.

"பூ மேலே பூக்குது கண்ணு, காய் கீழே காய்க்குது. எப்படின்னு வாத்தியாரு சொல்லிக் கொடுத்தாரா?"

பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். அந்த அம்மாளே சொன்னார். பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசிபோல் ஒரு காம்பு புறப்பட்டு, தலைகீழாக வளர்ந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. நுனி இருட்டில் புதைந்த பிறகுதான் காய் பிடிக்கிறது. மண் இறுகிவிட்டால் ஊசி இறங்காது; பூவெல்லாம் வீண். அதனால்தான் இந்தச் சமயத்தில் கொத்திவிட்டு மண் அணைக்கிறார்கள். தாவர சாஸ்திரப் பாடம் கால் மணி நேரத்தில் முடிந்தது. சம்பளம் கேட்காத அந்த ஆசிரியைக்கு நாங்கள் கும்பிடு போட்டுவிட்டு நடந்தோம்.

ஏரிக்கரையில்

சாலையைவிட்டு விலகிச் சிறிது தூரம் சென்றதும் ஓர் ஏரிக்கரை குறுக்கிட்டது. வடகிழக்குப் பருவமழை இவ்வாண்டு ஏமாற்றவில்லை. ஏரியில் முக்கால்வாசி தண்ணீர் நின்றது. எதிரே குன்றின் நிழல் தண்ணீரில் தலைகீழாகத் தொங்கிற்று. தண்ணீர் இல்லாத மேட்டுப் பக்கத்தில் மட்டும் சீமைக்கருவேல் புதர் அடர்ந்து, ஏரியின் வயிற்றைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருந்தது.

தொண்டைநாட்டு ஏரி சாதாரண விஷயமல்ல. மலையில் விழுந்த மழை வரத்துக்கால் வழியாக வந்து சேருகிறது. பிறைச்சந்திரன்போல் வளைந்த கரை அதைத் தடுத்து நிறுத்துகிறது. மதகு வழியாகக் கழனிக்குத் தண்ணீர் போகிறது. நிரம்பினால் கலங்கல் வழியாகக் கோடி போகிறது. கோடி போன தண்ணீர் வீணாவதில்லை. அடுத்த ஊர் ஏரிக்கு அதுவே வரத்து. இப்படி ஏரிக்கு ஏரி கை கோத்து நிற்கின்றன. மேல் ஊர்க்காரன் கரை உடைந்தால் கீழ் ஊர்க்காரனுக்கும் நஷ்டம். ஆகையால் பக்கத்து ஊரோடு சண்டை போட்டவர்களும் ஏரி விஷயத்தில் மட்டும் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.

கரையின்மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். எண்பதுக்குக் குறையாது.

"வாங்க ஐயா. பிள்ளைங்களைக் கோட்டைக்கு இட்டுக்கினு போகாம இந்தப் பக்கம் எங்கே வந்தீங்க?"

"கோட்டை எங்கும் போய்விடாது, பெரியவரே. இன்றைக்கு உங்கள் ஏரியைப் பார்க்க வந்தோம்."

கிழவர் சிரித்தார். "ஏரியைப் பார்க்கன்னு வர்றவங்க ரெண்டு பேருதான். ஒருத்தரு அளக்க வருவாரு. இன்னொருத்தரு மண்ணெடுக்க வருவாரு. சும்மா பார்க்க வந்தவங்க நீங்கதான்."

அவருடைய பாட்டனார் இந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவராம். நீர்க்கட்டி என்பவர் ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிறவர். எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு. தமக்குச் சொந்தக் கழனி இருந்தாலும் முறை வந்தால்தான் தண்ணீர். அறுவடையின்போது ஒவ்வொரு குடியானவரும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்து கொடுத்துவிடுவார்கள். கோடைகாலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வண்டலை வெட்டிக் கரையில் போட வேண்டும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்கார ராஜ்யத்தில் ஏரிகளின் மேற்பார்வை ஊராரிடமிருந்து இலாகாக்களுக்குப் போயிற்று. ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் குறையக் குறைய மண்வெட்டி தூக்கும் கைகளும் குறைந்தன. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அதே குடிமராமத்து என்ற பெயரைச் சூட்டி ஏரிகளைச் சீர்திருத்தும் திட்டத்தை நடத்திற்று. பெயர் திரும்பி வந்தது நல்லதே. பழக்கம் திரும்பி வருவது ஊராரின் கையில் இருக்கிறது.

விடைபெறும்போது கிழவர் ஒரு வார்த்தை சொன்னார்: "கோட்டைக்கு வேலி போட்டாச்சு, காவல் போட்டாச்சு, சீட்டும் போட்டாச்சு. ஏரிக்கு நாங்கதான் வேலி. எங்களுக்கு அப்புறம் யாருன்னு பிள்ளைங்களைக் கேட்டுச் சொல்லுங்க."

பிள்ளைகள் அதற்குப் பதில் சொல்லவில்லை. வெகுதூரம் வரை பேசாமலே நடந்தார்கள்.

சிங்கவரம்

வெயில் ஏறும் சமயத்தில் சிங்கவரம் போய்ச் சேர்ந்தோம். மலையின் நடுவே ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். படிகள் நன்றாக இருக்கின்றன. கருவறை, மண்டபம், ஆதிசேஷன் மேல் சயனித்த பெரிய திருமேனி எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தவை அல்ல. இருந்த பாறையைக் குடைந்தே எடுத்தவை. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கைவேலை. ஒரு பக்கத்தில் எருமைத் தலையின்மேல் நிற்கும் கொற்றவையின் சிற்பமும் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஒன்றுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட மண்டகப்பட்டும், செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் பக்கத்தில் அதிக தூரமில்லை. பாறையில் கோயில் குடையும் கலை தமிழ்நாட்டில் பயின்று பழகிய பள்ளிக்கூடம் இந்தப் பிரதேசம் என்றால் பொருந்தும்.

இந்த ரங்கநாதர் தேசிங்குராஜனின் வழிபடு தெய்வம் என்பது செவிவழிச் செய்தி. கடைசி யுத்தத்துக்குப் புறப்படுமுன் தேசிங்கு இங்கே வந்து விடை கேட்டான் என்றும், "இன்று போகாதே" என்ற குறிப்பாகச் சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், அவன் அதைக் கேளாமல் போனான் என்றும் ஊரார் சொல்கிறார்கள். பல்லவச் சிற்பி 7-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய முகத்துக்கு 18-ஆம் நூற்றாண்டில் ஜனங்கள் கண்டுபிடித்த காரணம் இது. சரித்திரம் அல்ல என்று தள்ளிவிடலாம். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை சாகப் போகிறானே என்று கல்லும் பதைத்ததாகச் சொல்லும் ஊரின் மனத்தைத் தள்ளிவிட முடியுமா?

மலைக்காடு

கோயிலுக்கு மேலும் பக்கங்களிலும் மலைச்சரிவில் காடு. "காடு" என்றதும் தேக்கும் மூங்கிலும் வானளாவ நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது மழை குறைந்த நாட்டின் காடு. மரங்கள் குட்டையானவை, இலைகள் தடித்தவை, முட்கள் ஏராளம். பாறை இடுக்கில் ஆல் வேர் விட்டிருக்கிறது. களாவும் காரையும் சூரையும் பின்னிக்கொண்டு வழி மறிக்கின்றன. ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது. வேம்பும் வெப்பாலையும் நிழல் தந்தன. சீத்தா மரங்கள் யாரும் நடாமலே சரிவெங்கும் பரவியிருந்தன. மணிலாவைப் போல இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறி ஊர்க்காரராகிவிட்ட மரம். ஒரு மயில் புதரிலிருந்து கிளம்பிப் பறந்தது. குரங்குகள் எங்கள் கட்டுச்சோற்று மூட்டையின்மேல் வைத்த கண்ணை வாங்கவில்லை.

இந்தக் குட்டைக் காட்டை அலட்சியம் செய்வது சுலபம். விறகுக்கு வெட்டலாம், ஆடு மேய்க்கலாம், வேறென்ன பயன் என்று தோன்றும். ஆனால் மழை பெய்யும்போது பார்க்க வேண்டும். வெறும் பாறையில் விழுந்த மழை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடும். புதரடியில் விழுந்த மழை இலைச் சருகில் தங்கி, வேர் வழியாக இறங்கி, பல நாள் கசிந்துகொண்டே இருக்கும். ஏரிக்கு வரும் தண்ணீர் தெளிந்து வருவதும் மண்ணோடு கலங்கி வருவதும் இந்தப் புதர்களின் கையில்தான் இருக்கிறது. செஞ்சி மலைகளில் இப்படிக் கசிந்து சேரும் நீர்தான் சங்கராபரணி நதியாகிறது. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்று, வீடூர் அணைக்கு வந்து, வில்லியனூரைக் கடந்து புதுச்சேரிக்கருகே கடலில் கலக்கிறது. நாங்கள் ஒரு களாச்செடியின் அடியில் உட்கார்ந்து சோற்று மூட்டையை அவிழ்த்தோம். நதியின் வீட்டில் விருந்துண்கிறோம் என்று ஒரு மாணவன் சொன்னான், சரியாகத்தான் சொன்னான்.

தூரத்தில் தெரிந்த மூன்று மலைகள்

மேலே ஒரு பாறையில் ஏறித் தெற்கே பார்த்தால் கோட்டை முழுவதும் ஒரே பார்வையில் அகப்படுகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில். மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. உச்சிக்குப் போகும் வழியில் ஓர் ஆழ்ந்த பிளவு. அதைக் கடக்க ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் நின்று ஒரு படையைத் தடுக்கலாம்.

இந்தக் கோட்டைக்காக எத்தனை பேர் வந்தார்கள்! 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக்கோன் என்ற இடையர்குலத் தலைவன் முதற்கோட்டை கட்டினான் என்பது வழிவழிச் செய்தி. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்க மன்னர்கள் ஆண்டார்கள். 1597-ஆம் ஆண்டில் இங்கே வந்த பிமெந்தா என்ற ஜெஸுவிட் பாதிரியார், தாம் இந்தியாவில் கண்ட நகரங்களில் இதுவே பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல்லில் இதற்கு ஈடான நகரமில்லை என்றும் எழுதி வைத்தார். 1649-இல் பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1677-இல் சத்திரபதி சிவாஜி கைப்பற்றி அரண்களைப் பலப்படுத்தினார். அந்த முன்யோசனை அவருடைய மகனுக்கு உதவிற்று. ராஜாராம் இங்கே வந்து தங்கி மராட்டிய ராஜ்யத்தின் உயிரைக் காத்தார். 1690 முதல் முற்றுகையிட்ட மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். பின்னர் புந்தேலர் குலத்து ஸ்வரூப்சிங். அவர் மகன் தேஜ்சிங். தமிழர் அந்தப் பெயரைத் தங்கள் நாவுக்கேற்பத் தேசிங்கு ஆக்கிக்கொண்டார்கள்.

தேசிங்கு ஆண்டது சில மாதங்களே. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு போரிட்டு 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி மாண்டான். அவனுடைய நண்பன் மகமத்கான் தன் கலியாணப் பந்தலைவிட்டு எழுந்து வந்து அவனோடு உயிர்விட்டதாகத் தெருப்பாடகர்கள் பாடி வந்தார்கள். வடக்கத்தி ராஜபுத்திரன், அவன் தோழன் முஸ்லிம், இருவருக்காகவும் அழுதவர்கள் தமிழ்க் குடியானவர்கள். ஒற்றுமை என்பதைப் பற்றி நாம் மேடையில் எவ்வளவோ பேசுகிறோம். இந்த ஜனங்கள் அதைப் பாட்டாகவே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

1750-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். காய்ச்சலில் அவர்களுடைய சிப்பாய்கள் ஏராளமாக மாண்டதாக ஆர்ம் என்ற ஆங்கிலச் சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். 1761-இல் ஆங்கிலேயர், 1780-இல் ஹைதர் அலி. அப்புறம் கோட்டைக்கு வேலையே இல்லாமற் போயிற்று. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலின் நெடிய கருங்கற்றூண்கள் புதுச்சேரிக்குப் போய், கடற்கரையில் டூப்ளேயின் சிலைக்கு அலங்காரமாக நின்றன. இன்று டூப்ளே அங்கே இல்லை, வேறிடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார். செஞ்சித் தூண்களுக்கு நடுவே காந்தியடிகள் கைத்தடியுடன் நடந்துகொண்டிருக்கிறார். அந்தத் தூண்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு கிடைத்திராது.

இத்தனை வரலாற்றையும் விவரமாக அறிய விரும்புவோர்க்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-இல் வெளியிட்ட செஞ்சிச் சரித்திரம் இருக்கிறது.

எது நிலைத்தது?

மேலிருந்து பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கொடிகள் மாறின; கழனிகள் மாறவில்லை. நாயக்கர் களஞ்சியத்தை நிரப்பியதும், மராட்டியருக்குச் சோறிட்டதும், மொகலாயப் பாசறைக்குத் தீவனம் கொடுத்ததும் இதே மண். எட்டாண்டு முற்றுகையின்போது மதிலுக்குள் இருந்தவர்களும் மதிலுக்கு வெளியே இருந்தவர்களும் ஒரே மழையைத்தான் எதிர்பார்த்தார்கள். கோட்டைக்குள்ளேயும் பெரிய அதிசயம் பீரங்கியல்ல. ஆனைக்குளமும் சக்கரக்குளமும் மலைமேல் வற்றாத சுனைகளும்தான். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மதில் ஒரு மாதங்கூட நின்றிராது.

கோட்டையின் ஒவ்வொரு கல்லுக்கும் இன்று சட்டத்தின் காவல் உண்டு. உலகத்தின் கவனமும் கிடைத்திருக்கிறது. ஆனால் கல்வெட்டு இல்லாத குன்றுக்கு யார் காவல்? இந்த மாவட்டத்தில் பல குன்றுகள் ஜல்லியாக உடைபட்டு லாரியேறிப் போயிருக்கின்றன. சாலைக்கும் வீட்டுக்கும் கல் வேண்டும், அதை மறுக்கவில்லை. எந்தக் குன்றின் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு உடைக்கிறார்களா என்பதே கேள்வி. சந்திரநந்தியின் எழுத்து திருநாதர்குன்றில் இருந்ததால் அந்தக் குன்று பிழைத்தது. எழுத்தில்லாத குன்றுகளைப் பற்றி எழுதவேண்டியவர்கள் நாம்தான்.

இறங்கி வரும்போது பிள்ளைகள் ஒரு தீர்மானம் செய்துகொண்டார்கள். தத்தம் ஊர் ஏரி, அதன் வரத்துக்கால், கோடி போகும் வழி, அருகிலுள்ள குன்று இவற்றின் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, படமும் வரைந்து, அடுத்த மாதம் வகுப்புக்குக் கொண்டுவருவது. ஏரிக்கரைக் கிழவரின் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆயினும் பெயர் தெரியாத ஒன்றை யாரும் காப்பாற்றியதில்லை.

நேயர்களும் அடுத்த விடுமுறையில் குழந்தைகளுடன் இந்த ஐந்து மைலை நடந்து பார்க்கலாம். மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. கோடையில் பாறைச்சூடு பொறுக்க முடியாது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருகிறவர்களுக்குத் திண்டிவனம் வழி சௌகரியம். அங்கிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டால் திருநாதர்குன்றில் சாய்ந்த வெயில் கிடைக்கும். குடிநீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும். குரங்குகளிடம் எச்சரிக்கை வேண்டும். கழனி வரப்பில் இறங்குமுன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். கூடவே ஒரு பிடி மல்லாட்டையும் கிடைக்கும்.